பச்சைதான்

பவதாரிணியின் குடலில் புற்றுநோய் வரப்போகிறது என்று முதலில் சொன்னது அவள் வீட்டுக் கழிப்பறைதான்.

வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்த அளவுக்கு விவஸ்தை கெட்ட காலம் இன்னும் வரவில்லை. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது கைப்பேசி ஒரு தடவை அதிர்ந்தது. எட்டு வருடமாகத் தினமும் அந்த நேரத்துக்கு அதில் ஒரு பச்சைப் பொட்டு வரும். அதைப் பார்த்தும் பார்க்காமலும் தள்ளிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொள்வாள். அன்றைக்கு வந்தது மஞ்சள். கீழே ஒரு வரி: "பவதாரிணி, பெருங்குடலில் ஆரம்ப அறிகுறி. பயப்பட வேண்டாம்."

பயப்பட வேண்டாம் என்று யாராவது சொன்னால்தான் மனிதனுக்கு வயிற்றைக் கலக்கும். அவளுக்கும் கலக்கியது. கலக்கியதே அறிகுறியோ என்று அடுத்த பயம் வந்தது.

அந்த எந்திரத்துக்குக் கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர் நலக்கண். பழைய மகாபலிபுரம் சாலையின் அடுக்குமாடிகளில் அது இல்லாத வீடே கிடையாது. கோப்பையின் விளிம்புக்குள் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கண்ணாடிப் பட்டை, அவ்வளவுதான். உட்காருபவர் யார் என்று தெரிந்துகொள்ளும். விழுவதைப் பார்க்கும். உப்பு அதிகம், நார்ச்சத்து குறைவு, நேற்று ராத்திரி குடித்தது இரண்டு பெக் அல்ல, மூன்று என்றெல்லாம் போட்டுக்கொடுக்கும். அதனால் பல வீடுகளில் சண்டை வந்தது என்றாலும் பல பேர் பிழைத்தார்கள் என்பதும் உண்மை. புற்றுநோய் கட்டியாகத் திரளுவதற்கு வெகு காலம் முன்பே அதன் துணுக்கு ஒன்றிரண்டைக் கண்டுபிடித்துவிடும் என்பதுதான் அதன் பெருமை.

பவதாரிணி அதை ஆசைப்பட்டு வாங்கியவள். அவளுடைய அப்பா ஒரு வருடம் முழுக்க "கேஸ்மா, வெறும் கேஸ்" என்று வயிற்றைத் தடவிக்கொண்டு சோடா குடித்தார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது டாக்டர்கள் அவரிடம் பேசாமல் அவளிடம் பேசினார்கள். அதற்கப்புறம் மூன்று மாதம்தான். அந்த மூன்று மாதத்தில் பார்த்ததை அவள் கணவன் கோகுலிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

மஞ்சள் பொட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளை ஒரு குரல் உலுக்கியது.

"இன்னிக்கு இன்னா கலருக்கா?"

மோனிஷா. வேலை முடிந்து, கையைப் புடவையில் துடைத்தபடி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். மூன்று வருடமாக இந்த வீட்டில் வேலை செய்கிறாள். தரை கூட்ட எந்திரம் வந்துவிட்ட காலம்தான். ஆனால் அது மூலைமுடுக்கை விட்டுவிட்டு நடு ஹாலையே சுற்றிச் சுற்றி வரும். தேங்காய் துருவாது. அடிப்பிடித்த குக்கரைக் கண்டால் ஒதுங்கிக்கொள்ளும். அதையெல்லாம் செய்ய செம்மஞ்சேரியின் ஹவுசிங் போர்டு வீடுகளிலிருந்து மோனிஷா மாதிரி பெண்கள் தினமும் காலையில் வந்து இறங்கினார்கள்.

இதுவரை மோனிஷா கலர் கேட்டதில்லை. முகத்தைப் பார்த்தே மோப்பம் பிடித்துவிட்டாளோ என்று பவதாரிணிக்குச் சுருக்கென்றது. வேலைக்காரிக்குத் தெரிந்தால் ஏழு பிளாக்குக்கும் தெரிந்த மாதிரி. போன வருடம் எதிர் வீட்டுக்காரிக்கு மஞ்சள் வந்ததும் கொலுவுக்கு அவளைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று யோசித்தவர்களில் பவதாரிணியும் ஒருத்தி. அது ஒட்டுவாரொட்டி நோய் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் யோசித்தார்கள்.

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"பச்சைதான். ஏன், உனக்கு எதுக்கு?"

"சும்மாதாங்க்கா." மோனிஷா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு நிம்மதி இருந்தது. போகும்போது படிக்கட்டில் அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி இறங்குவது கேட்டது.

அன்றிலிருந்து தினமும் அது ஒரு சடங்கு மாதிரி ஆகிவிட்டது. வேலை முடித்துக் கிளம்பும்போது "இன்னிக்கு இன்னா கலருக்கா?" என்பாள். தினமும் பொய் சொல்வது பவதாரிணிக்குப் பழகிப்போனது. "பச்சைதான் மோனிஷா. போய்ட்டு வா."

மஞ்சள் வீட்டுக்குள் வந்து பாய் விரித்துப் படுத்துக்கொண்டது. அப்பளம் போனது, ஊறுகாய் போனது, ஞாயிற்றுக்கிழமை மட்டன் போனது. கம்பங்கூழும் கீரையும் கொள்ளும் வந்தன. கோகுல் வார இறுதியில் குடிப்பதை நிறுத்தினான். அவனுக்கு ஒன்றும் வரவில்லை, ஆனாலும் மனைவிக்குத் துணையாக நிறுத்தினான். நல்ல கணவன்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. பவதாரிணி எப்போதும் காலையில் முக்கால் மணி நேரம் மொட்டை மாடியில் நடப்பாள். இப்போது அதை ஒன்றேகால் மணி நேரமாக்கினாள். நடக்கும்போது கைப்பேசி வைத்திருந்தால் மன அழுத்தம் என்று நலக்கண் அறிவுரை சொல்லியிருந்ததால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவாள். எந்திரம் சொன்ன ஒன்றைக்கூட அவள் மீறவில்லை.

ஆனாலும் தூக்கம் வரவில்லை. வயிற்றில் சின்னதாக ஒரு சத்தம் கேட்டால் கை அங்கே போகும். எங்கே, இடது பக்கமா, வலது பக்கமா என்று அமுக்கிப் பார்ப்பாள். அமுக்கி அமுக்கியே அங்கே வலிக்க ஆரம்பித்தது. வலி வந்ததும் அப்பாவின் முகம் வந்தது. குளிக்கும்போது தன் வயிற்றைப் பார்க்கப் பயந்து மேலே ஷவரைப் பார்த்துக்கொண்டே குளித்தாள்.

உடம்பு இளைத்தது. லிஃப்டில் பார்த்தவர்கள் எல்லாம் என்ன டயட் என்று கேட்டார்கள். அவளுடைய பழைய சுடிதார்கள் தொளதொளத்தன.

"நீயும் இளைச்சிருக்கியே, என்னைப் பார்த்து நீயும் டயட்டா?" என்று மோனிஷாவைக்கூட ஒரு நாள் கிண்டல் செய்தாள்.

"ஆமாக்கா, ஃபிகர மெயின்டெயின் பண்ண வேணாமா?" என்று அவளும் சிரித்தாள்.

ஆவணியில் மோனிஷா தன் அக்கா மகள் கல்யாணத்துக்கென்று ஊருக்குப் போனாள். அந்த வாரம் பச்சை வந்தது. பவதாரிணி கைப்பேசியைக் கோகுலின் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். மறுநாளும் பச்சை, அதற்கடுத்த நாளும் பச்சை. இருவரும் சமையலறையில் நின்று கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். கம்பங்கூழ் ஜெயித்துவிட்டது என்றான் கோகுல். மோனிஷா இல்லாமல் பாத்திரம் தேய்த்துத் தேய்த்துப் பவதாரிணிக்குக் கை வெந்துபோனது, ஆனாலும் பாடிக்கொண்டே தேய்த்தாள்.

மோனிஷா திரும்பி வந்து இரண்டாம் நாள், பொட்டு சிவப்பாக வந்தது.

"இன்னிக்கு இன்னா கலருக்கா?"

"பச்சை, பச்சை, பச்சை! தினம் இதே கேள்வியா? வேலையைப் பாரு!"

மோனிஷா திகைத்து நின்றுவிட்டு, "சரிக்கா" என்று போய்விட்டாள். திட்டு வாங்கியவளின் முகமாக அது இல்லை என்பதைப் பவதாரிணி கவனிக்கும் நிலையில் இல்லை.

சோழிங்கநல்லூரில் இருந்த புற்றுநோய்த் தடுப்பு மருத்துவமனையில் டாக்டர் ஆஃப்ரின் பொறுமையானவர். படங்களைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். உள்ளே கேமரா விட்டு எடுத்த படங்கள். பவதாரிணியின் குடல் இளஞ்சிவப்பாக, ஈரமாக, ஒரு களங்கமும் இல்லாமல் இருந்தது.

"இதுல ஒண்ணுமே இல்லையே டாக்டர்?"

"இல்ல. அதுதான் நல்ல விஷயம். கட்டி வர்றதுக்கு முன்னாடியே நமக்குத் தெரிஞ்சுபோச்சு."

"நான் இங்க கொடுத்த சாம்பிள்லயும் ஒண்ணும் வரலையே?"

"ஆரம்பத்துல அந்தத் துணுக்கு எல்லா நாளும் விழாதும்மா. நாங்க இங்க ரெண்டே தடவை பார்த்தோம். உங்க வீட்ல அது தினமும் பார்க்குது. நான் எதை நம்பட்டும்?"

கோகுல் குறுக்கிட்டான். "கொஞ்ச நாள் வெயிட் பண்ணிப் பார்க்கலாமா?"

"பார்க்கலாம் சார். அவங்க அப்பா வெயிட் பண்ணிப் பார்த்தார்." டாக்டர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். "மஞ்சள்னா நானே வெயிட் பண்ணச் சொல்லுவேன். இது சிவப்பு. சிவப்பு வந்தும் எடுக்காம விட்டா இப்பல்லாம் அது டாக்டரோட தப்பு. பெருங்குடல்ல பாதிக்கு மேல எடுத்துடுவோம். கொஞ்ச மாசம் வயித்துல ஒரு பை இருக்கும். அப்புறம் சேர்த்துத் தைச்சுடலாம். பெரும்பாலும் சேர்ந்துடும்."

பெரும்பாலும் என்ற சொல் பவதாரிணியோடு காரில் ஏறி வீடு வரைக்கும் வந்தது. நன்றாக இருக்கும் குடலை அறுத்து எறியப்போகிறார்கள் என்று ஒரு மனம் சொன்னது. நன்றாக இருப்பது போலத்தான் அப்பாவுக்கும் இருந்தது என்று இன்னொரு மனம் சொன்னது. இரண்டாவது மனத்தின் பேச்சுதான் எடுபட்டது. கார்த்திகை முதல் வாரத்தில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள்.

அதற்கு மூன்று நாள் இருக்கும்போது, மருத்துவமனையிலிருந்து அறை விவரம் சொல்லக் கூப்பிடுவார்கள் என்பதால் அன்றைக்கு மட்டும் கைப்பேசியை எடுத்துக்கொண்டு நடக்கப் போனாள். இரண்டு சுற்று முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்து, சத்தமில்லாமல் கதவைத் திறந்தாள்.

சமையலறைக் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே ஆள் இல்லை. கழிப்பறைக் கதவு சாத்தியிருந்தது. அடியில் விளக்கு வெளிச்சம் தெரிந்தது.

கையில் இருந்த கைப்பேசி அதிர்ந்தது. மருத்துவமனை என்று நினைத்துப் பார்த்தாள். நலக்கண்.

"நன்றி பவதாரிணி. மாதிரி பெறப்பட்டது."

ஒவ்வொரு தடவையும் வருகிற, யாரும் படிக்காத வரி. அவளும் தள்ளிவிடப் போனாள். விரல் பாதியில் நின்றது. நான் இங்கே அல்லவா நிற்கிறேன்? நனைந்த செருப்போடு, சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில், கையில் கைப்பேசியோடு. உள்ளே இருக்கும் பவதாரிணி யார்?

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. மோனிஷா வெளியே வந்தாள். கையில் கழிப்பறைப் பிரஷ். அது காய்ந்திருந்தது.

"அக்கா... மழையா? சீக்கிரம் வந்துட்டீங்க?"

பவதாரிணிக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. ஊருக்குப் போன வாரத்தின் பச்சை புரிந்தது. திரும்பி வந்த சிவப்பு புரிந்தது. எனக்கு இல்லை. எனக்கு எதுவும் இல்லை. என் குடல் என் வயிற்றிலேயே இருக்கும். அவ்வளவு சந்தோஷம் அவளுக்குக் கல்யாணத்தன்றும் வரவில்லை, பிள்ளை பிறந்தபோதும் வரவில்லை. பிறகு அந்தச் சந்தோஷத்துக்கு எதிரில் நின்றுகொண்டிருந்த முகத்தைப் பார்த்தாள். தன் சந்தோஷத்தை நினைத்து அவளுக்கு உடம்பு கூசியது.

"உள்ள போனியா மோனிஷா?"

"கழுவத்தாங்க்கா போனேன்."

"பொய் சொல்லாத. நான் திட்ட மாட்டேன்."

"என் புள்ள மேல சத்தியமாக்கா, நான் போவல!"

மோனிஷாவின் கை கழுத்தில் தொங்கிய கேட் பாஸைப் பிடித்துக்கொண்டது. வேலைக்காரர்களுக்கான கழிப்பறை கீழே வண்டி நிறுத்துமிடத்தின் கடைசியில், செக்யூரிட்டியிடம் சாவி வாங்கித் திறக்க வேண்டிய இடத்தில் இருந்தது. முதல் நாளே பவதாரிணி அதைச் சொல்லியிருந்தாள். கோபமாகச் சொல்லவில்லை, காபி கொடுத்தபடியே சொன்னாள்: "பாத்ரூம் மட்டும் கீழ போய்க்கோ, என்ன." எல்லா வீட்டிலும் அதுதான் முறை. மூன்றாம் பிளாக்கில் முறையை மீறிய ஒரு பெண்ணின் பாஸ் பிடுங்கப்பட்டு, அதற்கப்புறம் இந்தச் சாலையில் எந்தக் குடியிருப்பிலும் அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. அது மோனிஷாவுக்கும் தெரியும்.

சொல்ல வேண்டியது பவதாரிணியின் நாக்கு நுனியில் நின்றது. கழிப்பறை வாசலில் நிற்க வைத்து ஒருத்தியிடம் உனக்குப் புற்றுநோய் என்று எப்படிச் சொல்வது? வார்த்தையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மோனிஷா குழாயை நிறுத்தினாள், பையை எடுத்துக்கொண்டாள்.

"நான் நாளிக்கு வரேங்க்கா."

அன்றைக்குக் கலர் கேட்கவில்லை.

கோகுல் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முதலில் நம்பவில்லை, பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தான், பிறகு கண் கலங்கினான்.

"சீட்ல உக்கார்ற எடையையும் உடம்புச் சூட்டையும் வச்சுத்தான் அது ஆளைக் கண்டுபிடிக்குது பவி. பையன் ஜெர்மனிக்குப் போனப்புறம் நம்ம வீட்ல பதிஞ்சிருக்கறது ரெண்டே பேர். நான் தொண்ணூறு கிலோ. என்னை மாதிரி இல்லாத எதுவும் அதுக்கு நீதான். வெளியாளுக்குன்னு இருக்கற கெஸ்ட் பட்டனை அவ எங்க அமுக்கப்போறா?"

"நாளைக்கே டாக்டர்கிட்ட சொல்லிடலாம். அவளையும் கூட்டிட்டுப் போயிடலாம்."

கோகுல் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினான்.

"வெளியாள் உக்காந்துச்சுன்னு தெரிஞ்சா நம்ம எட்டு வருஷப் பதிவும் செல்லாது. நாளைக்கு நமக்கு நெஜமாவே ஏதாவது வந்தா இன்சூரன்ஸ்காரன் ஒருத்தனும் ஏத்துக்க மாட்டான். உங்க அப்பா கேஸ் வேற இருக்கு. யோசி."

"அதுக்கு?"

"அவளை நிறுத்திடு. வர வேணாம்னு மெசேஜ் போடு. தானா பச்சை வந்துடும். பச்சை வந்தா அவங்களே ஆபரேஷனைத் தள்ளி வச்சுடுவாங்க. நாம யாருக்கும் ஒண்ணும் சொல்ல வேணாம்."

"அவளுக்கு யாரு சொல்லுவா கோகுல்?"

"அவளுக்கே தெரியாமலா இருக்கும்? உடம்புக்கு முடியலன்னா ஜி.எச்சுக்குப் போக மாட்டாளா?" சொல்லிவிட்டு அவனே தரையைப் பார்த்தான். கெட்டவன் இல்லை. பயந்தவன். இரண்டும் ஒரே மாதிரிதான் பேசும்.

பவதாரிணி மெசேஜ் போடவில்லை. போடவேண்டிய அவசியமும் வரவில்லை. மறுநாள் மோனிஷாவே வரவில்லை. மத்தியானம் பச்சை வந்தது. அடுத்த நாளும் வந்தது. மருத்துவமனைக்கும் போய்ச்சேரும் பதிவைப் பார்த்துவிட்டு ஆஃப்ரினே கூப்பிட்டு, "ரெண்டு நாளா பச்சை வந்திருக்கே! ஒரு மாசம் தள்ளி வச்சுப் பார்ப்போம்மா" என்றார். கோகுல் கண்ணாலேயே, பார்த்தாயா என்றான்.

எல்லாம் சரியாகிவிட்டது. அப்படியே விட்டுவிடலாம். யாரும் கேட்கப்போவதில்லை. அன்று மத்தியானம் தட்டில் சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தாள். சோபாவின் அந்த மூலையில்தான் அப்பா உட்கார்ந்து சோடா குடிப்பார். அவருக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. தெரிந்த ஒருவர் அன்றைக்கு இருந்து, தன் பதிவு கெட்டுப்போகும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தால்? அந்த ஆளை இன்றைக்கும் சும்மா விட்டிருப்பேனா?

சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். ஆஃப்ரினைக் கூப்பிட்டாள். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அந்தப் பொண்ணை நாளைக்குக் காலையிலேயே கூட்டிட்டு வாங்க," என்றார் டாக்டர். "எத்தனை மாசமா?"

"ஆடியிலேருந்து."

"ஐயோ," என்றார் டாக்டர். டாக்டர்கள் அந்தச் சொல்லைச் சொல்லி அவள் கேட்டதில்லை.

செம்மஞ்சேரியில் மழைத் தண்ணீர் கணுக்கால் வரைக்கும் நின்றது. ஆட்டோ உள்ளே வரமாட்டேன் என்றது. சுடிதாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கேட்டுக் கேட்டு, வரிசையாக நின்ற போர்டு கட்டடங்களில் ஒன்றின் மூன்றாவது மாடிக்கு ஏறினாள். மூன்று வருடத்தில் இங்கே வந்ததில்லை. வரவேண்டிய தேவை என்ன இருந்தது?

கதவைத் திறந்த மோனிஷா வெலவெலத்துப்போனாள்.

"பாஸ கேன்சல் பண்ணிட்டீங்களாக்கா? அதுக்கா வந்தீங்க?"

"இல்ல. உள்ள வரலாமா?"

ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதைப் புடவையால் துடைத்துப் போட்டாள் மோனிஷா. எதிரே தரையில் தானும் உட்கார்ந்தாள். உட்காரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவளைப் பவதாரிணி அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது. ரவிக்கைக் கை தொளதொளவென்று தொங்கியது, பவதாரிணியின் சுடிதார் தொங்குவது போலவே. இருவரும் சேர்ந்துதான் இளைத்திருக்கிறார்கள். ஒருத்தி கம்பங்கூழ் குடித்து, ஒருத்தி இப்படி. அதனால்தான் எந்திரம் கடைசி வரைக்கும் ஆளைக் குழப்பிக்கொண்டே இருந்தது.

"மோனிஷா, நீ அந்த பாத்ரூமுக்குப் போனது எனக்குத் தெரியும். அதைப் பத்தி நான் பேச வரல. அந்த மிஷின் காட்டினது என் உடம்பை இல்ல. உன் உடம்பை. நாளைக்குக் காலைல நாம ரெண்டு பேரும் டாக்டரைப் பார்க்கப் போறோம்."

கீழே யாரோ தண்ணீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

"எதுக்குக்கா டாக்டரு? பச்சைன்னுதானே சொல்லிச்சு?"

பவதாரிணி நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ரத்தம் போச்சுக்கா," என்றாள் மோனிஷா தாழ்ந்த குரலில். "ஆடிக்கு முன்னாடிலேந்து. ஜி.எச்சுக்குப் போனா நாள் பூரா நிக்கணும். உங்களாண்ட ஒரு நாள் லீவு கேட்டேன். தம்பி ஜெர்மனிலேந்து வந்துக்குது, அடுத்த வாரம் எடுத்துக்கோன்னீங்க. அடுத்த வாரமும் அதான் சொன்னீங்க. சரி, இவ்ளோ பெரிய மிஷின் வூட்டுலயே இருக்குதே, அதுல உக்காந்தா அதுவே சொல்லிடும்னு நெனச்சேன். நீங்க மாடிக்கு நடக்கப் போனப்புறம் போவேன். தப்புதான்க்கா. ஆனா ரிசல்ட்டு உங்க போன்லதானே வரும்? அதான் தினமும் உங்களக் கேட்டேன்."

இன்னிக்கு இன்னா கலருக்கா?

அது வம்பு இல்லை. ஒரு நோயாளி தன் டாக்டரிடம் கேட்ட கேள்வி. ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி என்று தினமும் வாசலில் நின்று அவள் கேட்டிருக்கிறாள். தினமும் பவதாரிணி அவளுக்குப் பதில் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

"நீங்க பச்சைன்னு சொன்ன அன்னிக்கு சாமிக்குக் கற்பூரம் ஏத்தினேன். மூலமா இருக்கும்னு வுட்டுட்டேன். ஒரு நாள் கத்தினீங்களே, பச்சை பச்சைன்னு மூணு தபா? அன்னிக்குத்தான் பயமே போச்சு. இவ்ளோ கோவமா சொல்றாங்கன்னா நெஜமாத்தான் இருக்கும்னு."

"நான் பொய் சொன்னேன் மோனிஷா." பவதாரிணி சொல்லிவிட்டாள். "அது எனக்குன்னு நெனச்சேன். உனக்குத் தெரிஞ்சா எல்லாருக்கும் தெரிஞ்சுடும்னு பயந்துட்டேன். ஒரு நாள்கூட பச்சை இல்ல."

மோனிஷா தலையை ஆட்டினாள். கேட்டது மண்டைக்குள் போகாதவள் ஆட்டுவது போல. "இல்லக்கா. நீங்க சும்மா சொல்றீங்க. நான் பாத்ரூமுக்குப் போனேன்னு கோவத்துல சொல்றீங்க. போன காட்டுங்க, பாக்கறேன்."

பவதாரிணி பையிலிருந்து கைப்பேசியை எடுத்தாள். பழைய நாட்களின் பொட்டுகளைத் தேடி எடுப்பதற்குள் மோனிஷா அதைக் கையில் வாங்கிவிட்டாள். திரையில் அன்றைக்கு வந்த பொட்டு இருந்தது. மோனிஷா வராத வீட்டின் பொட்டு.

மோனிஷாவின் முகம் மலர்ந்தது. வெளுத்த உதட்டில் அந்தப் பழைய சிரிப்பு வந்தது. கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தாள்.

"பச்சைதானேக்கா?"

அறைக்குள் இருட்டிக்கொண்டு வந்தது. பவதாரிணி நாற்காலியை விட்டு இறங்கி அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"இல்ல மோனிஷா," என்றாள். "பச்சை இல்ல."